மறுவாழ்வு என்றால் நடக்க வைப்பது மட்டுமா?

எங்கள் அத்தான் கொத்தனார். இரண்டாவது மாடியில் வெளிப்பூச்சு நடந்துகொண்டிருந்தபோது சாரத்தில் கட்டிய கம்பு ஒடிந்து கீழே விழுந்தார். முதுகுத்தண்டில் அடி. உயிர் பிழைத்துவிட்டார், ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த நாள் முதல், பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "எப்ப எந்திரிச்சு நடப்பாரு?" நாங்களும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். எண்ணெய் போட்டுத் தேய்த்தோம். யார் எந்த வைத்தியரைச் சொன்னாலும் வண்டி பிடித்துத் தூக்கிக்கொண்டு போனோம். ஐந்தாவது மாதம் ஒரு மறுவாழ்வு மையத்தில், பிசியோதெரபி பார்க்கும் அம்மா எங்களிடம் பேசுவதை நிறுத்திவிட்டு அவரிடமே கேட்டார்: "அண்ணாச்சி, உங்களுக்கு மொதல்ல எது முடியணும்?"

அத்தான் யோசிக்கவே இல்லை. "நடக்கது கெடக்கட்டும்மா. ஒருத்தரையும் கூப்பிடாம நானா கக்கூசுக்குப் போயிட்டு வரணும்."

அதுவரை அந்தக் கேள்வியை நாங்கள் யாரும் அவரிடம் கேட்டதே இல்லை. அந்த வருத்தத்தோடுதான் இதை எழுதுகிறேன். வீட்டில் ஒருவருக்கு விபத்தோ பக்கவாதமோ வந்து, அல்லது பிறந்த குழந்தைக்கு ஏதோ ஒன்று சரியில்லை என்று தெரிந்து, எங்கே தொடங்குவது என்று திகைத்து நிற்கிற குடும்பத்துக்கு இது ஓர் அறிமுகம். தமிழ்நாட்டில் இருக்கும் ஏற்பாடுகளை வைத்தே சொல்கிறேன்.

மறுவாழ்வு என்ற சொல்

ஒருவர் செய்ய விரும்புவதற்கும் இப்போது அவரால் செய்ய முடிவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியைக் குறைக்கிற எல்லா வேலைக்கும் சேர்த்து மறுவாழ்வு என்று பெயர். அத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தானாகக் கழிப்பறைக்குப் போக வேண்டும். அதற்கு முதலில் தோளும் கையும் வலுப்பட வேண்டும், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு உடம்பைத் தூக்கி மாற்றிக்கொள்ளப் பழக வேண்டும். இது உடம்பில் நடக்கிற வேலை. பிறகு அவர் இடுப்பு அளவுக்குச் சரியான சக்கர நாற்காலி வேண்டும். இது கருவி. கழிப்பறைக் கதவு அந்த நாற்காலி நுழையும் அகலத்தில் இருக்க வேண்டும். இது இடம். இதற்கெல்லாம் பணமும் ஆளும் கொடுக்க அரசுக்குக் கடமை உண்டு என்று சட்டம் சொல்ல வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அவர் யாரையாவது கூப்பிட்டுக்கொண்டுதான் இருப்பார். எங்கள் வீட்டில் ஐந்து மாதம் நாங்கள் உடம்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையும், அதில் 2007இல் சேர்ந்துகொண்ட இந்தியா பின்னர் இயற்றிய 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமும் இப்படித்தான் சொல்கின்றன. நீண்டகாலப் பாதிப்பு ஒரு பக்கம், சுற்றிலும் உள்ள தடைகள் மறுபக்கம். இரண்டும் மோதும்போது ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க முடியாமல் போகிறதே, அதுதான் மாற்றுத்திறன் நிலை என்பது சட்டத்தின் பார்வை. கால் அசையாதது மட்டுமே குறை என்று அது சொல்லவில்லை. வாசலில் இருக்கும் மூன்று படிகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது.

சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே தமிழ்நாட்டில் இதை வாழ்ந்து காட்டியவர்கள் உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் இளம் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு நடக்க முடியாமல் ஆனார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். அவருடைய முயற்சியில் 1966இல் வேலூரில் உள்நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் வந்தது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் அவர். இவர்கள் இருவரும் நடக்கும் நாளுக்காகக் காத்திருக்கவில்லை. அத்தான் கட்டிலில் கிடந்த நாட்களில் இந்தக் கதைகள் எங்களுக்குத் தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

முதல் மாதங்கள்

உதவித்தொகை, அட்டை எல்லாம் பிறகு. முதல் சில மாதங்களில் தவறவிடக் கூடாதது வேறு.

முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு மிகப்பெரிய பகை படுக்கைப்புண். உணர்ச்சி இல்லாத இடத்தில் அழுத்தம் தெரியாது, ரத்த ஓட்டம் நின்று சதை அழுகத் தொடங்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இரவிலும். நாற்காலியில் உட்காரத் தொடங்கிய பிறகு, கையை ஊன்றி உடம்பை அடிக்கடி தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். எங்களுக்கு டிஸ்சார்ஜ் ஆன அன்று இதை யாரும் சொல்லி அனுப்பவில்லை. மூன்றாம் வாரம் அத்தானின் வால் எலும்புப் பக்கம் சிவந்திருந்ததைப் பார்த்தோம். அழுக்கு என்று நினைத்துத் துடைத்தாள் அக்கா. அந்தப் புண் ஆற இரண்டு மாதம் ஆனது, அந்த இரண்டு மாதமும் பயிற்சி நின்றுபோனது.

சிறுநீர் அடுத்தது. டியூபை அப்படியே மாதக்கணக்கில் விட்டால் கிருமி சேரும், சிறுநீரகம் வரை போகும். நாளுக்குச் சில முறை நேரம் வைத்து, சுத்தமான குழாயைத் தானே செலுத்திச் சிறுநீரை வெளியேற்றிக்கொள்ளும் முறை ஒன்று இருக்கிறது. கேட்கவே கூச்சமாக இருக்கும். ஆனால் அத்தான் வேலைக்கு வெளியே போக முடிந்ததே அதைப் பழகிய பிறகுதான். மருத்துவரிடம் இதை வாய்விட்டுக் கேளுங்கள்.

பக்கவாதமானாலும் முதுகுத்தண்டானாலும், கைகால் மூட்டுகள் மடங்கியபடி இறுகிவிடாமல் தினமும் அசைத்துக் கொடுப்பது முதல் நாளிலிருந்தே தேவை. இறுகிய மூட்டைப் பிறகு நிமிர்த்துவது பெரும்பாடு. வெளியே கொண்டுபோக முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வருகிற ஏற்பாடும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்கும் திட்டமாகத்தான் பலர் அறிவார்கள். அதிலேயே வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுப்பதும், படுத்த படுக்கையானவர்களைப் பராமரிப்பதும் சேர்ந்திருக்கிறது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும். நாங்கள் ஆட்டோவுக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. செயற்கைக் கால், காலைத் தாங்கிப் பிடிக்கும் காலிப்பர் இவற்றுக்குப் பெயர்பெற்ற இடம். ஒன்றுக்கு மேற்பட்ட பாதிப்புகள் உள்ளவர்களுக்காக 2005இல் மத்திய அரசு ஏற்படுத்திய தேசிய நிறுவனம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கிறது. உலக வங்கியின் உதவியோடு நடக்கும் 'உரிமைகள்' திட்டத்தில், பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி, மனநல ஆலோசனை எல்லாம் ஒரே கட்டடத்தில் கிடைக்கும்படி 'விழுதுகள்' என்ற பெயரில் சேவை மையங்களையும் அரசு திறந்துவருகிறது. ஒரு நாள் பிசியோவுக்கு ஓர் ஊர், இன்னொரு நாள் ஸ்பீச் தெரபிக்கு இன்னோர் ஊர் என்று குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அலைந்த தாய்மார்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சான்றிதழும் சதவீதமும்

எல்லாக் கதவுக்கும் சாவி ஒன்றுதான்: மருத்துவச் சான்றிதழும் அதையொட்டி வரும் அடையாள அட்டையும். மருத்துவக் குழு பரிசோதித்துப் பாதிப்பை ஒரு சதவீதமாக எழுதும். அதை வைத்து மத்திய அரசின் தனித்துவ அடையாள அட்டை வரும். எல்லோரும் யூடிஐடி கார்டு என்றே சொல்கிறார்கள். 40 சதவீதத்துக்குக் கீழ் என்றால் வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80உம் அதற்கு மேலும் நீலம். 40 என்பதுதான் எல்லைக்கோடு. இடஒதுக்கீடு போன்ற பெரும்பாலான சலுகைகள் 40இலிருந்துதான் தொடங்கும். இணையத்தில் நாமே விண்ணப்பிக்கலாம், இ-சேவை மையத்தில் கொடுத்தும் பதியலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது, பெரும்பாலும் கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே. நேரே அங்கே போய்க் கேட்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. மருத்துவக் குழு எந்தக் கிழமை எங்கே உட்காருகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

யாரெல்லாம் வரலாம்? 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் 7 வகைப் பாதிப்புகள்தான் இருந்தன. 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்த 2016ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் அது 21 ஆனது. ரத்தம் உறையாத ஹீமோபிலியா, தலசீமியா, ஆட்டிசம், கற்றல் குறைபாடு, பார்க்கின்சன், அமில வீச்சில் பாதிக்கப்பட்டோர், குள்ளத்தன்மை, மனநோய் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாத ஒரு பையனுக்கு ஹீமோபிலியா இருந்தால் அவனும் விண்ணப்பிக்கலாம் என்பது பல வீடுகளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

சதவீதம் பற்றி ஒரு விளக்கம் தேவை, ஏனென்றால் அங்கேதான் அதிகம் மனம் உடைகிறது. இரண்டு பாதிப்பு இருந்தால் இரண்டு எண்ணையும் அப்படியே கூட்டமாட்டார்கள். காலுக்கு 60, காதுக்கு 30 என்றால் 90 வராது. பெரிய எண்ணை 90இலிருந்து கழிக்க வேண்டும், 30 கிடைக்கும். அதைச் சிறிய எண்ணான 30ஆல் பெருக்கி 90ஆல் வகுத்தால் 10. அதைப் பெரிய எண்ணோடு சேர்த்தால் 70. அதுதான் மொத்தம். "ஏமாத்திட்டாங்க" என்று ஒருவர் வாசலில் அழுததைப் பார்த்திருக்கிறேன். கணக்கை யாராவது ஒரு தாளில் போட்டுக் காட்டியிருந்தால் அவர் அழுதிருக்க மாட்டார்.

இன்னொன்று. சதவீதம் என்பது உடம்பில் உள்ள பாதிப்பின் அளவு, மனிதரின் திறமைக்கு மார்க் அல்ல. ஒரு காலில் ஒரே அளவு பாதிப்புள்ள இருவரில் கணக்கு எழுதுபவருக்கு வேலை போகாது, மரம் ஏறுபவருக்குப் பிழைப்பே போய்விடும். சான்றிதழில் இருவருக்கும் ஒரே எண்தான் இருக்கும். சதவீதம் தவறு என்று நினைத்தால் மேல்முறையீடு செய்யலாம். சில பாதிப்புகளுக்குத் தற்காலிகச் சான்றிதழ்தான் தருவார்கள், அதில் முடியும் தேதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது

இரண்டு துறைகள், இரண்டு உதவித்தொகைகள். எல்லோரும் குழம்புவது இங்கேதான்.

மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தருவது பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000 ரூபாய். 75 சதவீதமும் அதற்கு மேலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டோர், அறிவுசார் குறைபாடு உள்ளோர், தசைச்சிதைவு நோய், முதுகுத்தண்டு பாதிப்பு, பார்க்கின்சன், தொழுநோயிலிருந்து குணமானோர் போன்ற பிரிவுகளுக்கு இது. மற்றொன்று வருவாய்த் துறை தரும் ஓய்வூதியம், மாதம் 1,500 ரூபாய். தாலுகா ஆபீஸ், வி.ஏ.ஓ. விசாரணை, வருமானம் என்று முதியோர் பென்ஷன் போகிற அதே வழி. இரண்டையும் ஒருவரே வாங்க முடியாது. அதனால் எதற்குத் தகுதி என்று முதலில் தெரிந்துகொண்டு ஒன்றில் விண்ணப்பிப்பது நல்லது. எங்களை இரண்டு அலுவலகங்களும் மாறி மாறி அனுப்பின. இரண்டு இடத்திலும் கொடுத்த மனுவின் நகலில் தேதியோடு சீல் வாங்கி வைத்திருந்ததால் தப்பித்தோம்.

2,000 ரூபாய் ஒரு குடும்பத்துக்குப் போதாது. அக்கா அத்தானைப் பார்த்துக்கொள்வதற்காகத் தீப்பெட்டி ஆபீஸ் வேலையை விட்டாள். அந்தச் சம்பளத்தையும் யாராவது கணக்கில் சேர்க்க வேண்டும். அதிக உதவி தேவைப்படுவோரைப் பார்த்துக்கொள்பவருக்குப் படி கொடுக்கலாம் என்று 2016 சட்டத்தின் 24ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. பராமரிப்பவரின் உழைப்பை உழைப்பு என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. கேட்டுப் பெற வேண்டிய ஒன்று அது.

கட்டட வேலை செய்பவர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் விபத்து உதவி தனியாக உண்டு. அத்தான் பதிந்திருந்தார், புதுப்பிக்கவில்லை. உங்கள் வீட்டில் யாராவது கட்டட வேலைக்குப் போகிறவர் இருந்தால் இதைப் படித்து முடித்ததும் அவர் அட்டையை எடுத்துப் பாருங்கள்.

சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் மாற்றுத்திறனாளிக்கும் உடன்வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. வெளியூர்ப் பேருந்திலும் ரயிலிலும் கட்டணச் சலுகை இருக்கிறது. வருமான வரி கட்டுகிற குடும்பம் என்றால் பழைய வரிமுறையில் 75,000 ரூபாய், கடுமையான பாதிப்புக்கு 1,25,000 ரூபாய் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். திருமண உதவி, கல்வி உதவித்தொகை, சுயதொழில் கடன் இவற்றுக்கும் விண்ணப்பம் அதே மாவட்ட அலுவலகத்தில்தான்.

நாற்காலி வாங்குவதற்கு முன்

மத்திய அரசு 1981 முதல் உதவிக் கருவிகளை இலவசமாகத் தருகிறது. கான்பூரில் உள்ள அலிம்கோ என்ற அரசு நிறுவனம் அவற்றைச் செய்கிறது. மாதம் 22,500 ரூபாய்க்குள் வருமானம் இருந்தால் முழுவதும் இலவசம், 30,000 வரை பாதி. ஒரு தடவை வாங்கினால் அடுத்தது மூன்று ஆண்டு கழித்துத்தான். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஓர் ஆண்டிலேயே மாற்றிக்கொள்ளலாம், வளர்கிற பிள்ளைகள் அல்லவா. மாநில அரசும் சக்கர நாற்காலி, மூன்று சக்கர வண்டி, இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர், தையல் எந்திரம், காதுகேட்கும் கருவி, பார்வையற்றோருக்கான ஊன்றுகோல் என்று தருகிறது.

முகாமில் அத்தானுக்கு முதலில் கிடைத்த நாற்காலி அவரைவிட நான்கு அங்குலம் அகலம். இலவசமாக வந்ததே என்று வாங்கிக்கொண்டோம். அகலமான நாற்காலியில் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும், முதுகு வளையும், ஒரு பக்கப் பிட்டத்தில் மட்டும் பாரம் விழுந்து அங்கே புண் வரும். சக்கரத்தைத் தள்ளக் கையை அகல விரிக்க வேண்டியிருப்பதால் தோளும் போகும். சட்டை தைக்க அளவு கொடுக்கிற நாம், நாள் முழுக்க உட்காரப்போகிற நாற்காலிக்கு அளவு கேட்பதில்லை. இடுப்பின் இரண்டு பக்கமும் ஒரு விரல் நுழையும் இடம், கால் பலகையில் பாதம் முழுவதும் படியும் உயரம், கீழே காற்று அடைத்த அல்லது ஜெல் வைத்த குஷன். இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். குஷன் இல்லாமல் நாற்காலி மட்டும் கொடுத்தால் அது பாதி உதவிதான் என்று அலுவலரிடம் சொல்லத் தயங்க வேண்டாம்.

குழந்தைகள் விஷயத்தில்

இங்கே காலம்தான் எல்லாம். "ஆம்பளப் பிள்ள லேட்டாத்தான் பேசும்" என்ற வார்த்தை எத்தனையோ குழந்தைகளின் விலைமதிப்பில்லாத ஆண்டுகளைத் தின்றிருக்கிறது. காது கேட்காத குழந்தையின் மூளை மொழியைப் பிடித்துக்கொள்ளும் வயது முதல் சில ஆண்டுகள்தான். அதற்குள் காதுகேட்கும் கருவியோ, அறுவை சிகிச்சை செய்து உட்காதில் பொருத்தும் காக்ளியர் இம்பிளாண்ட்டோ, சைகை மொழியோ ஏதாவது ஒரு வழியில் மொழி அதற்குப் போய்ச் சேர வேண்டும். காக்ளியர் அறுவை சிகிச்சை முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் கேட்புப் பயிற்சி கொடுக்காவிட்டால் அறுவை சிகிச்சை செய்தும் பயன் குறைவு. கழுத்து நிற்க வேண்டிய வயதில் நிற்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்று சந்தேகம் வந்தவுடன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குப் போங்கள். அங்கே போகச் சான்றிதழோ அட்டையோ தேவையில்லை.

பள்ளிக்கூடம் சேர்க்க மறுக்க முடியாது. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி சட்டப்படி உரிமை, சாதாரணப் பள்ளியானாலும் சிறப்புப் பள்ளியானாலும் பெற்றோர் விருப்பம். ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் சிறப்பு ஆசிரியர்களும் பிசியோதெரபிஸ்டும் இருக்கிறார்கள், வீட்டைவிட்டு வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஆளும் கேட்கலாம்.

அந்தக் கடைசி விஷயத்துக்குப் பின்னால் 'நியாயமான தகவமைப்பு', அதாவது ஒருவரின் பாதிப்புக்கு ஏற்றபடி ஏற்பாட்டை மாற்றிக் கொடுப்பது, என்ற கருத்து இருக்கிறது, சட்டத்தின் உயிர்நாடியே அதுதான். எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள், ஒரே மூன்று மணி நேரம் என்பது சமமாகத் தோன்றலாம். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒருவருக்கு அது சமம் ஆகாது. அப்படிப்பட்ட பாதிப்புள்ள, 40 சதவீதத்தை எட்டாத ஒருவர் குடிமைப்பணித் தேர்வில் தான் சொல்வதை எழுதித் தரும் எழுத்தர் வேண்டும் என்று வழக்குப் போட்டார். எழுத்தர் கேட்கும் உரிமையை 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்க முடியாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அட்டையில் எண் குறைவாக இருக்கிறது என்று சோர்ந்துபோகிறவர்கள் இந்தத் தீர்ப்பைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

வேலை

அரசு வேலையில் 4 சதவீதம், உயர்கல்வியில் 5 சதவீதம் இடஒதுக்கீடு. அந்த 4இல் பார்வை, செவி, உடல் இயக்கம் ஆகிய மூன்றுக்கும் ஒவ்வொரு சதவீதம். மிச்சமுள்ள ஒன்று ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், ஒன்றுக்கு மேற்பட்ட பாதிப்பு உள்ளவர்களுக்கு. தொழிற்பயிற்சிக்கும் வேலைவாய்ப்புப் பதிவுக்கும் சென்னை கிண்டியில் மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் இருக்கிறது.

2016 சட்டத்தில் அதிகம் பேசப்படாத 20ஆம் பிரிவு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அரசுப் பணியில் இருக்கும்போது ஒருவருக்குப் பாதிப்பு ஏற்பட்டால் அவரை நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது. பழைய வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். பேருந்து ஓட்டுநர், மின்வாரியத் தொழிலாளி குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது.

வாசல்படி

2022 நவம்பரில் சென்னை மெரினாவில் கடல் அலைக்குப் பக்கம் வரை சக்கர நாற்காலி போகும்படி மரப்பாதை போட்டார்கள். பிறந்ததிலிருந்து சென்னையில் இருந்தும் கடல்நீரைத் தொட்டதே இல்லை என்று அன்று அழுதவர்கள் உண்டு. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பிறகு சரிசெய்தார்கள். ஒரு பாதை இருந்தால் வருகிறவர்கள் எத்தனை பேர் என்பதை அந்தச் சில நாட்கள் ஊருக்குக் காட்டின. கட்டடங்களிலும் பேருந்துகளிலும் தடையில்லா வசதி செய்வது வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாய விதியாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அலுவலகமோ வங்கியோ படியேற முடியாதபடி இருந்தால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். அவருக்குச் சிவில் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனுக் கொடுப்பதும் பயன் தருகிறது.

வீட்டு வாசலை நாமேதான் மாற்ற வேண்டும். எங்கள் வீட்டு நடை ஒன்றரை அடி உயரம். நான் ஆள் வைத்து ஆறு அடி நீளத்தில் ஒரு சரிவு போட்டேன். அத்தான் ஏற முயன்றபோது நாற்காலி பின்னால் சாய்ந்தது, நல்லவேளை அக்கா பிடித்துக்கொண்டாள். "ஒண்ணுக்குப் பன்னெண்டு மாப்ளே," என்றார் அத்தான். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஒன்றரை அடிக்குப் பதினெட்டு அடி. அவ்வளவு இடம் தெருப்பக்கம் இல்லை. கட்டிலில் இருந்தபடியே தரையில் கரித்துண்டால் கோடு போடச் சொல்லி, சுவரை ஒட்டி ஒன்பது அடி போய்த் திரும்பி மறுபடி ஒன்பது அடி வருகிற மாதிரி அவரே திட்டம் போட்டார். திரும்புகிற இடத்தில் நாற்காலி சுழல ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம். விழுந்த பிறகு அவர் செய்த முதல் கட்டட வேலை அதுதான். சிமெண்ட் கலவையில் தண்ணீர் அதிகம் என்று சித்தாளைத் திட்டியதைக் கேட்டு அக்கா உள்ளே போய் அழுதாள்.

கழிப்பறைக் கதவு இரண்டடி, நாற்காலி இருபத்தைந்து அங்குலம். நிலையைப் பெயர்த்து மூன்றடியாக்கி, உள்பக்கம் திறந்த கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி கீலை மாற்றினோம். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சுவரில் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் குழாய் பதித்தோம். மொத்தச் செலவு, நாங்கள் எண்ணெய்க்கும் வண்டிக்கும் கொடுத்ததில் கால் பங்குகூட இல்லை.

இப்போது சுற்றுவட்டாரத்தில் யாராவது முதுகுத்தண்டு அடிபட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினால் அத்தானுக்குத் தகவல் வருகிறது. இணைப்புச் சக்கர ஸ்கூட்டரில் போகிறார். மடியில் ஒரு மஞ்சள் பை. அதில் அவருடைய மனுக்களின் நகல்கள், மாவட்ட அலுவலகத்தின் முகவரி எழுதிய தாள், ஓர் இன்ச் டேப். நலம் விசாரித்த கையோடு அவர் முதலில் அளக்கச் சொல்வது கக்கூஸ் வாசலை.